உணவும் அன்றாட உடல்நலமும்: இயற்கை மருத்துவ வழியில் சாப்பிட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உணவை வைத்தே உடம்பைச் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிகிற இடங்கள் நிறைய இருக்கின்றன, முடியாத இடங்களும் இருக்கின்றன. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருந்தோடு மோதும் உணவுகள் பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

இயற்கை மருத்துவம் என்பது டயட்டுக்கு இன்னொரு பெயரா?

இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ், செபாஸ்டியன் க்னைப் போன்றவர்கள் குளிர்ந்த நீர், நடை, எளிய சாப்பாடு, ஓய்வு இவற்றை வைத்தே நோயாளிகளைக் கவனித்தார்கள். அந்த மரபைத்தான் பெனடிக்ட் லஸ்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நேச்சரோபதி என்ற பெயரில் பரப்பினார். நோயின் காரணத்தைத் தேட வேண்டும், தீங்கு செய்யக் கூடாது, ஆளை முழுதாகப் பார்க்க வேண்டும், அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், வருமுன் காக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். உணவு அதில் ஒரு பகுதிதான். ஆனால் தினமும் மூன்று வேளை நம் கைக்கு வருகிற பகுதி.

இந்த மரபைப் புரிந்துகொள்ள ஒருவரைத் தெரிந்துகொண்டால் போதும். சூரிச் நகரில் மருத்துவராக இருந்த மேக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர், சுமார் 1900-இல் தன் நோயாளிகளுக்குத் துருவிய, சமைக்காத ஆப்பிள், ஊறவைத்த ஓட்ஸ், எலுமிச்சைச் சாறு, கொட்டைப் பருப்பு கலந்த ஒரு கிண்ணத்தை உணவுக்கு முன் கொடுத்தார். இறைச்சிதான் சத்து என்று பலரும் நம்பிய காலம் அது. வைட்டமின் என்ற சொல்லே அப்போது கிடையாது. பச்சைக் காய்கனிகளில் சூரிய ஒளியின் ஆற்றல் தேங்கியிருக்கிறது, அதுதான் குணப்படுத்துகிறது என்று அவர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் தவறு. ஆனால் கிண்ணத்தில் இருந்தது சரி. அதைத்தான் இன்று மியூஸ்லி என்கிறோம்.

இயற்கை மருத்துவ அறிவுரைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். தட்டில் வைக்கச் சொல்வது நல்லதாக இருக்கும், அதற்குச் சொல்லும் காரணம் நிற்காது. தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், காரணத்தைச் சோதித்துப் பாருங்கள் என்பதுதான் என் நிலை.

உணவால் எது முடியும், எது முடியாது?

மெதுவாக உருவாகும் கோளாறுகளில் உணவுக்குப் பெரிய பங்கு உண்டு. ரத்த அழுத்தம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், மலச்சிக்கல், கொழுப்பு, நெஞ்செரிச்சல், லேசான இரும்புச்சத்துக் குறைவு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். டாஷ் உணவுமுறை பற்றி 1997-இல் வெளியான ஆய்வில் காய்கனிகளும் கொழுப்பு குறைந்த பால் பொருட்களும் அதிகம், நிறைவுற்ற கொழுப்பு குறைவு என்று சாப்பிட்டவர்களில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. உப்பையோ எடையையோ குறைக்காமலேயே இது நடந்தது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு ஈடானது.

முடியாதவற்றையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு இன்சுலினுக்கு மாற்று உணவு கிடையாது. பாக்டீரியாத் தொற்றை உணவால் ஆற்ற முடியாது. புற்றுநோய்க்கும் அப்படியே. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழியை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் ஆபத்து 2.5 மடங்கு என்று 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. யாராவது உங்களிடம் மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள், உணவால் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நேரம், சாப்பிட்டது, அப்போது பசி இருந்ததா, இரண்டு மணி நேரம் கழித்து எப்படி இருந்தது, எப்போது தூங்கப் போனீர்கள், மலம் கழிந்ததா. அவ்வளவுதான். கலோரி எண்ண வேண்டாம்.

பகல் முழுக்க ஒரே அசதி என்று வருபவர்கள் எழுதிக் காட்டும் பக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: காலையில் வெறும் காபி. 11 மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். 2 மணிக்கு அவசரமாக மதியச் சாப்பாடு, காய் ஒரு கரண்டி. 4 மணிக்குத் தலை கனம், இன்னொரு காபி. 6 மணிக்கு ஏதாவது நொறுக்கு. இரவு 10 மணிக்கு அன்றைய பெரிய சாப்பாடு, 11 மணிக்குப் படுக்கை, 1 மணி வரை புரளல். இதில் எந்தச் சத்து மாத்திரை தேவை என்று கேட்டால் என்ன சொல்வது? முதலில் காலையில் புரதம் உள்ள ஏதாவது ஒன்று, 4 மணிக் காபியை விடுவது, இரவுச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்னால் இழுப்பது. இந்த மூன்றையும் செய்த பிறகும் அசதி இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாமே அசதியாகத்தான் தலைகாட்டும்.

தட்டில் எது எவ்வளவு இருக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் காய்கனி 400 கிராமாவது வேண்டும். கிழங்கு அந்தக் கணக்கில் வராது. நார்ச்சத்து 25 கிராமாவது வேண்டும், உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள்.

இதையெல்லாம் எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தீட்டாத தானியம், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம் என்று கண்ணளவில் வைத்தாலே பெரும்பாலும் சரியாக வந்துவிடும். உப்பில் ஒரு விஷயம் மட்டும். இளஞ்சிவப்பு உப்பு, கல் உப்பு என்று விலை கூடிய உப்புகளுக்கு மாறுபவர்கள் அதில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. மீன், பால், முட்டை எதுவும் சாப்பிடாதவர்களுக்கு அது தைராய்டில் போய் நிற்கும்.

பாக்கெட் உணவு உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா, அல்லது மிகைப்படுத்துகிறார்களா?

மிகையில்லை. கெவின் ஹால் தலைமையில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை 2019-இல் வந்தது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து சமமாகப் பரிமாறப்பட்டன. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறினார்கள். மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள்.

யாரும் அவர்களை அதிகம் சாப்பிடச் சொல்லவில்லை. மெல்லவே வேண்டாத, வேகமாக உள்ளே போகும் உணவு அது. வயிறு நிறைந்தது என்று உடம்பு சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. ஆகவே இதை மன உறுதிக் குறைவு என்று யாரும் தங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டில் அந்தப் பாக்கெட் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை செய்யும்.

சர்க்கரைக்குப் பதில் தேன், பழச்சாறு எடுத்தால் நல்லதுதானே?

பலருக்கும் ஏமாற்றம் தரும் பதில் இது. தேனிலும், பழச்சாற்றிலும், சிரப்புகளிலும் உள்ள இனிப்பைக் கட்டற்ற சர்க்கரை என்றே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முழுப் பழத்தில் உள்ளது அந்தக் கணக்கில் வராது. ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டால் ஒன்றோ இரண்டோ போதும். பிழிந்தால் நான்கு பழத்தின் இனிப்பை ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம், நார் பிழியும் கருவியிலேயே தங்கிவிடும்.

தேனை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. சளியால் வரும் இரவு இருமலுக்கு ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்குக் கொஞ்சம் தேன் உதவுகிறது. ஒரு வயதுக்குள் மட்டும் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கும்.

பச்சையாகச் சாப்பிடுவது நல்லதா, சமைத்தா?

இயற்கை மருத்துவ வட்டாரத்தில் பச்சை உணவுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பாதி நியாயம்தான். வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் சூட்டில் சிதையும், கொதிநீரில் கரைந்து வடியும். அதனால் சில காய்களையும் பழங்களையும் பச்சையாகச் சாப்பிடுவதில் பொருள் இருக்கிறது. ஆனால் தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீனும், காரட்டின் பீட்டா கரோட்டினும் வேகவைத்தால்தான் உடம்புக்கு அதிகம் கிடைக்கும். கூடவே கொஞ்சம் எண்ணெய் அல்லது கொட்டைப் பருப்பு இருக்க வேண்டும், கொழுப்பில்லாமல் அவை குடலில் ஏறாது. எண்ணெயே சேர்க்காத சாலட் சாப்பிட்டு உடம்புக்கு நல்லது செய்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு இடங்களில் பச்சை என்பது நேரடி ஆபத்து. ஒன்று, முளைகட்டிய பயறு. முளைக்க வைக்கும் இளஞ்சூடும் ஈரமும் பாக்டீரியாவுக்கும் பிடித்தமான சூழல். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளில் இருந்து பரவிய ஈ-கோலை தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைகட்டுவது நல்ல பழக்கம், விடவேண்டியதில்லை. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகள் விஷயத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்னொன்று சிவப்பு ராஜ்மா. அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் சரியாக வேகாவிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி பேதியைக் கொண்டுவரும். நாலைந்து கொட்டைகளே போதும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குமிழ் தளதளக்க அரை மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடாதீர்கள், அதன் சூடு கொதிநிலைக்கு எட்டாமல் நச்சை இன்னும் கூட்டிவிடலாம்.

இரும்புச்சத்துக்கு மாத்திரை இல்லாமல் உணவு போதுமா?

குறைவு லேசாக இருந்தால் போதும், ஆனால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எதோடு சாப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ளதைப் போல எளிதில் ஏறாது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டீ, காபியின் துவர்ப்புப் பொருட்களும் அப்படித்தான்.

அதே சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் நிலைமை மாறும். பருப்பின் மேல் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு குடமிளகாய் அல்லது தக்காளி, முடித்ததும் ஒரு ஆரஞ்சு. பருப்பு வகைகளை ஊறவைப்பதும், முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். டீயைச் சாப்பாட்டில் இருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

கீரையில் இரும்பு இருப்பது உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பி ரத்தசோகையைத் தீர்க்க முடியாது. ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியிருந்தால் மருத்துவர் தரும் மாத்திரைதான் வேண்டும், இந்த உணவுப் பழக்கம் அதற்குத் துணை. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் உணவை மட்டும் மாற்றுவது தவறு.

மலச்சிக்கலுக்கு என்ன செய்யலாம்?

நார்ச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரே நாளில் தாவினால் வயிறு உப்பி, இது நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்: முதலில் தீட்டிய தானியத்துக்குப் பதில் தீட்டாதது, அடுத்த வாரம் மதியம் ஒரு காய் கூடுதல், அதற்கடுத்து தினம் ஒரு கைப்பிடி பயறு. தண்ணீர் கூடவே ஏற வேண்டும். உலர்ந்த பிளம்ஸ் நன்றாக உதவும், அதில் நாரோடு சார்பிட்டால் என்ற இளக்கும் பொருளும் இருக்கிறது. கிவி பழமும் இசப்கோலும் அப்படியே.

அப்புறம், சாப்பாடு இல்லாத விஷயம் ஒன்று. காலை உணவுக்குப் பிறகு பெருங்குடல் தானாக இயங்கும். அந்த நேரத்தில் வீட்டை விட்டு ஓடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள், காலுக்கு அடியில் சின்ன ஸ்டூல் வைத்து முழங்காலை உயர்த்தினால் எளிதாகும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, நடுவயதுக்குப் பிறகு திடீரென்று மாறிய பழக்கம் இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

புளித்த உணவுகள் குடலுக்கு நல்லது என்கிறார்களே?

நம்பிக்கை தரும் சான்றுகள் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட சின்ன ஆய்வில், தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், புளிக்கவைத்த காய்கள் போன்றவற்றை 10 வாரம் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. சாதாரணத் தயிரே நல்ல தொடக்கம். புளிக்கவைத்த காய்களில் உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு நிற்கவும். நார்ச்சத்தை மறந்துவிட்டு, நல்ல நுண்ணுயிர்களை அடைத்து விற்கும் புரோபயாட்டிக் குப்பிகளை வாங்குவதில் பயனில்லை. அந்த நுண்ணுயிர்கள் தின்று வாழ்வது நாரைத்தான். அதிலிருந்து அவை உண்டாக்கும் பியூட்ரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள்.

உடம்பின் நச்சை வெளியேற்ற என்று சொல்லும் டீடாக்ஸ் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன, கல்லீரல் மருந்தையும் மதுவையும் உடைக்கிறது. ஜூஸ் குடித்து இந்த வேலையை வேகப்படுத்த வழியில்லை. ஜூஸ் நாட்களில் உடம்பு இலேசானது போலத் தெரிவது, மதுவும் நொறுக்கும் நின்றதாலும் உடம்பில் இருந்து நீர் வடிந்ததாலும்தான்.

தீங்கும் உண்டு. பாலக் கீரை, பீட்ரூட் இலை போன்றவற்றைத் தினமும் பெரிய அளவில் அரைத்துக் குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தட்டில் ஒரு கைப்பிடியாகச் சாப்பிடும்போது நல்லதாக இருந்த கீரை, குவளை குவளையாக அரைத்துக் குடிக்கும்போது ஆபத்தாகிறது. குடல் கழுவும் சிகிச்சைகளுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

காரத்தன்மை உணவால் ரத்தத்தின் அமிலத்தைக் குறைக்கலாமா?

முடியாது. ரத்தத்தின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன. உணவால் மாறுவது சிறுநீர்தான். ஆனால் காரத்தன்மை உணவு என்று தரும் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் காய்கனிகள் என்பதால் தாராளமாகச் சாப்பிடலாம். பிர்ஷர்-பென்னரின் கிண்ணம் போலத்தான் இதுவும்.

உபவாசம் இருக்கலாமா?

இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவில் 12 மணி நேர இடைவெளி விடுவது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது, பயனுள்ளது. நாள் கணக்கில் வெறும் தண்ணீரோடு இருப்பது வேறு விஷயம். இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், எடை குறைந்தவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் மனநோய் இருந்தவர்கள் உபவாசம் இருக்கக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு சட்டென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறலாம். நீண்ட உபவாசம் மருத்துவக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் நடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சத்து மாத்திரைகள் உணவுக்குச் சமம்தானே?

இதற்குப் பதிலாக ஒரு வரலாற்றையே சொல்லலாம். காய்கனி அதிகம் சாப்பிடுபவர்களுக்கும், ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று 1980-களில் தெரிந்தது. அப்படியானால் அதை மாத்திரையாகக் கொடுத்தால்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய சோதனையிலும் அதே போக்கு தெரிந்ததால் 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். காரட் தின்பது நல்லது. அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, பல மடங்காக்கி, புகைபிடிப்பவருக்குக் கொடுத்ததுதான் கெடுதலானது.

ஆகவே தேவைப்படும் இடத்தில் மட்டும் மாத்திரை. அசைவமே தொடாத, பால் முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு வைட்டமின் பி12 கட்டாயம் வேண்டும், தாவரங்களில் அதை நம்பிப் பெற முடியாது. கல்லீரலில் இருக்கும் கையிருப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறைபாடு தாமதமாகத் தெரியும். கால் மரத்துப்போதல், மறதி, நாக்கு எரிச்சல் என்று வரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கருவுறுமுன் தொடங்கி முதல் 12 வாரம் வரை. வெயில் படாதவர்களுக்கு வைட்டமின் டி. அதையும் பரிசோதித்து அளவோடு எடுக்க வேண்டும், மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மஞ்சள் சமையலில் இருக்கட்டும். அதில் உள்ள குர்குமினைச் செறிவாக்கி மிளகுச் சாரத்தோடு அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். தைராய்டு அளவையும், மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவையும் அது தவறாகக் காட்ட வைக்கும்.

எந்த உணவுகள் மருந்தோடு மோதும்?

ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழம் முதலில். 1989-இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தார்கள். ரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவு ஏறியது, காரணம் மது இல்லை, சாறுதான். மருந்தைச் சிதைக்கும் குடல் நொதி ஒன்றை அது முடக்குகிறது. அந்த விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், காலையில் பழம் இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் பயனில்லை. சிம்வாஸ்டேட்டின் போன்ற சில கொழுப்பு மருந்துகளுக்கும் இது பொருந்தும். அதன் உறவான பம்பளிமாஸிலும் கவனம் வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை விடவேண்டியதில்லை. ஒரே சீரான அளவில் சாப்பிட வேண்டும், ஏனென்றால் அதன் வைட்டமின் கே அளவை வைத்தே மருந்தின் அளவு அமைகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் பொட்டாசியம் கலந்த உப்பையும், அளவில்லாத பழச்சாற்றையும் கேட்காமல் தொடக் கூடாது. அதிமதுரத்தைத் தினமும் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுங்கள், காபி அரை மணி நேரமாவது கழித்து, இரும்பு கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் கழித்து. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும். எந்த மூலிகை எடுத்தாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று மறைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத் துளியில் பதில் சொல்லும், ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனைகளை நம்ப வேண்டாம். அவை காட்டுவது நீங்கள் சாப்பிட்டுப் பழகியதைத்தான், ஒத்துக்கொள்ளாததை இல்லை. ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. சந்தேகப்படும் உணவை மூன்று நான்கு வாரம் நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் பழைய, நம்பகமான முறை. திரும்பக் கொடுக்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் காரணமில்லாமல் வாழ்நாள் முழுக்க ஒரு பட்டியலைச் சுமப்பீர்கள். சாப்பிட்டதும் உதடு வீங்கியவர்களோ, மூச்சுத் திணறியவர்களோ இதை வீட்டில் செய்யவே கூடாது.

கோதுமை சந்தேகமாக இருந்தால் நிறுத்துவதற்கு முன்பே, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதலிலேயே நிறுத்திவிட்டால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

நெஞ்செரிச்சல், தூக்கமின்மைக்கு உணவில் வழி உண்டா?

கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம், கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்துவது, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது. நெஞ்செரிச்சலுக்கு இவையே நிறையச் செய்யும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் மருத்துவர்தான். தூக்கத்துக்கு, படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன் குடித்த 400 மி.கி. கஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்தது என்று 2013 ஆய்வு ஒன்று காட்டியது. மதியத்தோடு காபியை முடித்துவிடுங்கள்.

நல்ல ஆலோசகரை எப்படி அடையாளம் காண்பது?

இந்தத் துறையின் சட்டமும் படிப்பும் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் பல ஆண்டு மருத்துவப் படிப்பு, சில இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் ஆளின் நடத்தையைப் பாருங்கள். நல்லவர் நிறையக் கேள்வி கேட்பார், உங்கள் மருந்துச் சீட்டையும் பரிசோதனைகளையும் பார்ப்பார், தன்னால் முடியாததை மருத்துவரிடம் அனுப்புவார். உங்களுக்கு எழுதித்தரும் மாத்திரைகளையும் பொடிகளையும் தானே விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இயற்கை மருத்துவத்தின் உண்மையான பலம் உட்கார்ந்து கேட்கும் அந்த ஒரு மணி நேரம். அதைக் கொடுக்காதவரிடம் போய்ப் பயனில்லை.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. நெஞ்செரிச்சல் சில நாட்களில் குறையும், மலச்சிக்கலுக்குச் சில வாரம். ரத்த அழுத்தம் டாஷ் ஆய்வில் இரண்டு வாரத்திலேயே இறங்கியது. சர்க்கரையின் எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால் மூன்று மாதம் ஆவதற்குள் பார்த்துக் கலங்க வேண்டாம். கொழுப்பை ஆறு வாரத்தில் இருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்கலாம். இரும்புக்குத்தான் பொறுமை அதிகம் தேவை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும், அதனால் மருத்துவர் சொல்லும் வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள், அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.